ஜாங்கோ செயலிக்குத் தமிழ் சேர்ப்பது: வாக்கியத்தை உடைக்காமல் ஒரு வழி

ஓடிக்கொண்டிருக்கும் செயலிக்கு இன்னொரு மொழி வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் முதலில் டெம்ப்ளேட் (பக்கத்தின் எச்டிஎம்எல் அச்சு) கோப்புறையைத் திறந்து ஒட்டுப்போட்ட வாக்கியங்களைத் தேடுவேன். மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதெல்லாம் அப்புறம். பாதி வாக்கியம் டெம்ப்ளேட்டில் இருக்கும், நடுவில் ஒரு எண், மீதிப் பாதி பைத்தான் நிரலில், கடைசியில் பன்மைக்கு 'எஸ்' சேர்க்கலாமா வேண்டாமா என்று ஒரு இஃப் நிபந்தனை. ஆங்கிலத்தில் மட்டும் ஓடும்வரை இது யாரையும் உறுத்தாது. இரண்டாவது மொழி வந்ததும் வேலையின் பெரும்பகுதி இவற்றைப் பிரித்து முழு வாக்கியங்களாக்குவதில்தான் போகும். அது ஒழுங்காக நடந்துவிட்டால் மொழிபெயர்ப்பு தானாக நகரும்.

உதாரணத்துக்கு ஜாங்கோ என்ற பைத்தான் வலைச் சட்டகத்தில் எழுதிய ஒரு நூலகச் செயலியை எடுத்துக்கொள்கிறேன். உறுப்பினர்கள், புத்தகங்கள், இரவல், முன்பதிவு, நினைவூட்டல் மின்னஞ்சல், அவ்வளவுதான். மூல மொழி ஆங்கிலம், சேர்க்கப்போவது தமிழ். வேறு சட்டகங்களுக்குப் போனால், ரெயில்ஸில் இருந்தால் யாமல் கோப்பு, லாராவெலில் இருந்தால் ஜேசன் கோப்பு என்று வடிவம் மாறும். சிக்கல்கள் எல்லா இடத்திலும் ஒன்றுதான்.

மொழியை முகவரியே சொல்லட்டும்

பக்கத்தை எந்த மொழியில் காட்டுவது என்பதைத் தீர்மானிக்க நான்கு இடங்கள் உண்டு: முகவரி, குக்கி (உலாவி சேமித்து வைக்கும் சின்னக் குறிப்பு), எந்த மொழி வேண்டும் என்று சொல்லி உலாவி ஒவ்வொரு கோரிக்கையோடும் அனுப்பும் 'அக்செப்ட் லாங்குவேஜ்' ஹெடர், உறுப்பினரின் கணக்கில் சேமித்த விருப்பம். பலர் ஹெடரை மட்டும் நம்பி விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. ஒரே முகவரியை இருவர் திறந்தால் இருவருக்கும் வேறு வேறு மொழி வரும். ஒருவர் இன்னொருவருக்கு இணைப்பை அனுப்பினால் அவர் பார்ப்பது வேறு பக்கம். தேடுபொறிக்கு இரண்டாவது மொழி இருப்பதே தெரியாமல் போகலாம்.

அதனால் முகவரியின் முதல் துண்டிலேயே மொழிக் குறியீட்டை வையுங்கள். தமிழ்ப் பக்கங்களுக்கு 'டிஏ', ஆங்கிலத்துக்கு 'இஎன்'. ஜாங்கோவில் 'ஐ18என் பேட்டர்ன்ஸ்' என்ற செயல்கூறு இதைச் செய்யும். முதன்மை மொழிக்கு மட்டும் முன்னொட்டு வேண்டாம் என்றும் அமைக்கலாம். ஆனால் அப்படி அமைத்தால், முன்னொட்டு இல்லாத முகவரி எப்போதும் முதன்மை மொழியிலேயே வரும். குக்கியையோ ஹெடரையோ ஜாங்கோ பார்க்காது. புதுச் செயலி என்றால் எல்லா மொழிக்கும் முன்னொட்டு வைத்துவிடுவேன். ஹெடருக்கும் குக்கிக்கும் வேலை ஒரே ஒரு இடத்தில்தான்: முன்னொட்டு இல்லாமல் வந்தவரைச் சரியான பக்கத்துக்குத் திருப்பிவிடுவது.

அமைப்புக் கோப்பில் மொழிகளுக்கான 'லாங்குவேஜஸ்' பட்டியலையும், மொழிபெயர்ப்புக் கோப்புகள் இருக்கும் இடத்தைச் சொல்லும் 'லோக்கேல் பாத்ஸ்' பாதையையும் எழுதுங்கள். மிடில்வேர் என்பது ஒவ்வொரு கோரிக்கையும் கடந்துவரும் இடைநிலை நிரல். மொழியைத் தேர்ந்தெடுக்கும் 'லோக்கேல் மிடில்வேர்' வரிசையில் 'செஷன் மிடில்வேர்'க்குக் கீழே, 'காமன் மிடில்வேர்'க்கு மேலே இருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் பிழைச்செய்தி எதுவும் வராது, ஆனால் திருப்பிவிடுதல் விசித்திரமாக நடந்துகொள்ளும்.

கேஷ் (ஒருமுறை உருவாக்கிய பக்கத்தைச் சேமித்து மீண்டும் தரும் வசதி) வைத்திருப்பவர்கள் இங்கே ஒரு நிமிடம் நிற்கவும். மொழியை ஹெடரை வைத்துத் தீர்மானித்துவிட்டு, முன்னால் நின்று பக்கங்களின் நகலைப் பரிமாறும் சிடிஎன்னுக்கு அதைச் சொல்லாமல் விட்டால், முதலில் வந்தவரின் மொழியே அடுத்து வரும் எல்லோருக்கும் போகும். முகவரியில் மொழி இல்லாத பக்கங்களுக்கு, பதில் எதைப் பொறுத்து மாறும் என்று சொல்லும் 'வேரி' ஹெடரில் 'அக்செப்ட் லாங்குவேஜ்' இருக்கிறதா, சிடிஎன் அதை மதிக்கிறதா என்று பாருங்கள். முகவரியில் மொழி இருக்கும் பக்கங்களுக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

வாக்கியத்தை முழுசாக வெளியே எடுப்பது

மொழிபெயர்க்க வேண்டியதைக் குறியிட, டெம்ப்ளேட்டில் ஒற்றைத் தலைப்புக்கும் பொத்தானுக்கும் 'டிரான்ஸ்லேட்' டேக். நடுவில் மாறும் மதிப்பு இருக்கும் வாக்கியத்துக்கு 'பிளாக்டிரான்ஸ்லேட்'. பழைய செயலிகளில் இவை 'டிரான்ஸ்', 'பிளாக்டிரான்ஸ்' என்று இருக்கும், ஜாங்கோ 3.1இல் புதுப் பெயர் வந்தது. பிளாக்டிரான்ஸ்லேட்டோடு 'டிரிம்டு' என்ற சொல்லைச் சேர்த்துப் பழகுங்கள். இல்லாவிட்டால் டெம்ப்ளேட்டில் இருக்கும் வரி முறிவும் இடைவெளியும் அப்படியே மொழிபெயர்ப்புக் கோப்புக்குப் போகும். நாளைக்கு ஒருவர் எச்டிஎம்எல்லை அழகாக உள்தள்ளினால், ஒரு எழுத்துகூட மாறாத வாக்கியம் புது வாக்கியமாகக் கணக்காகிவிடும்.

பைத்தான் பக்கம் இரண்டு விதிகள். முதலாவது, மொழிபெயர்க்கும் வாக்கியத்தில் எஃப்-ஸ்ட்ரிங் கூடாது. எஃப்-ஸ்ட்ரிங் முதலில் மதிப்பை நிரப்பிவிடும், அதன் பிறகுதான் கெட்டெக்ஸ்ட் (வாக்கியத்துக்கு மொழிபெயர்ப்பைத் தேடித் தரும் கருவி) தன் அகராதியில் தேடும். அகராதியில் இருப்பது காலியிடம் உள்ள வாக்கியம், கையில் இருப்பது உறுப்பினரின் பெயர் நிரம்பிய வாக்கியம். எப்படிக் கிடைக்கும்? காலியிடம் உள்ள வாக்கியத்தை முதலில் கெட்டெக்ஸ்ட்டிடம் கொடுங்கள், திரும்பி வந்ததில் மதிப்பை நிரப்புங்கள். காலியிடங்களுக்குப் பெயரும் வையுங்கள். தமிழில் சொல்வரிசை ஆங்கிலத்துக்கு நேர் எதிராகப் போகும். பெயர் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் அவற்றை எங்கு வேண்டுமானாலும் நகர்த்திக்கொள்வார்.

இரண்டாவது, மாடல் (டேட்டாபேஸ் அட்டவணையின் வடிவம்), ஃபார்ம் (படிவம்) போன்றவற்றில் வகுப்பு மட்டத்தில் எழுதும் எதற்கும், திரையில் காட்டும்போதுதான் மொழிபெயர்ப்பைத் தேடும் 'கெட்டெக்ஸ்ட் லேஸி'. அந்த வரிகள் சர்வர் எழும்போது ஒரே ஒருமுறை ஓடும். அப்போது ரிக்வெஸ்ட்டும் (உலாவியின் கோரிக்கை) இல்லை, மொழியும் இல்லை. சாதாரண கெட்டெக்ஸ்ட்டைப் போட்டால் அந்த நேரத்து மொழியே நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். தமிழ்ப் பக்கத்தில் படிவத்தின் லேபிள்கள் மட்டும் ஆங்கிலத்தில் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

பிஓ கோப்புக்குள்

குறியிட்டு முடித்ததும் 'மேக்மெசேஜஸ்' கட்டளையைத் தமிழ்க் குறியீட்டோடு ஓட்டுங்கள். குனூ கெட்டெக்ஸ்ட் கருவிகள் கணினியில் இருக்க வேண்டும். செயலியில் உள்ள எல்லா வாக்கியங்களும் ஒரு பிஓ கோப்பில் வந்து உட்காரும். சாதாரண உரைக் கோப்புதான். ஒவ்வொரு பதிவிலும் எந்தக் கோப்பில் எந்த வரி என்ற குறிப்பு, மூல வாக்கியம், அதன் கீழே மொழிபெயர்ப்புக்குக் காலியான மேற்கோள்குறி. மொழிபெயர்ப்பு நிரம்பியதும் 'கம்பைல்மெசேஜஸ்' அதை எம்ஓ கோப்பாக மாற்றும். செயலி படிப்பது எம்ஓவைத்தான்.

நூலகச் செயலியில் 'புக்' என்ற சொல் இரண்டு இடங்களில் வருகிறது. அட்டவணையின் தலைப்பில் அது புத்தகம். பக்கத்தில் இருக்கும் பொத்தானில் அது 'முன்பதிவு செய்'. கெட்டெக்ஸ்ட்டுக்கு மூல வாக்கியம்தான் சாவி என்பதால் இரண்டும் ஒரே பதிவாகிவிடும். மொழிபெயர்ப்பாளர் 'புத்தகம்' என்று எழுதினால் பொத்தானிலும் புத்தகம். இதற்குத்தான் 'பிகெட்டெக்ஸ்ட்' இருக்கிறது. டெம்ப்ளேட்டில் அதே வேலையை 'கான்டெக்ஸ்ட்' செய்யும். 'பொத்தான்', 'அட்டவணைத் தலைப்பு' என்று சூழலைச் சேர்த்தால் இரண்டு பதிவுகளாகப் பிரியும். ஒற்றைச் சொல்லாக நிற்கும் எதற்கும் நான் யோசிக்காமல் சூழல் சேர்த்துவிடுவேன். மொழிபெயர்ப்பாளருக்குத் திரை தெரியாது. அவர் பார்ப்பது வெறும் வரிகளை. வாக்கியத்துக்கு மேல் 'டிரான்ஸ்லேட்டர்ஸ்' என்று தொடங்கும் கமென்ட் எழுதினாலும் அது பிஓவுக்குள் போய்ச் சேரும். 'இது மின்னஞ்சல் தலைப்பு, சுருக்கமாக வேண்டும்' என்று ஒரு வரி எழுதினால் பத்து கேள்விகள் குறையும்.

மூல வாக்கியம் மாறும்போது கெட்டெக்ஸ்ட் கருவிகள் புத்திசாலித்தனமாக ஒரு காரியம் செய்யும். 'இரவலை ரத்து செய்யவா' என்பதற்கான ஆங்கிலம் மாறி 'முன்பதிவை ரத்து செய்யவா' என்று ஆனதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் பழைய மொழிபெயர்ப்பையே புதுப் பதிவில் போட்டு, மேலே 'ஃபசி' என்று குறியிட்டுவிடும். ஃபசி குறி உள்ள பதிவு எம்ஓவுக்குள் போகாது, திரையில் ஆங்கிலமே தெரியும். சிலர் இதைப் பார்த்துவிட்டு எல்லா ஃபசி குறிகளையும் ஒரே அடியாக அழித்துவிடுவார்கள். அப்போதுதான் முன்பதிவுப் பக்கம் இரவலை ரத்து செய்யவா என்று கேட்கத் தொடங்கும். ஒவ்வொன்றாகப் படித்து, திருத்தி, குறியை நீக்குவதைத் தவிரக் குறுக்குவழி இல்லை.

பன்மைக்கு இஃப் எழுதாதீர்கள். 'என்கெட்டெக்ஸ்ட்' இருக்கிறது, பிளாக்டிரான்ஸ்லேட்டில் 'கவுண்ட்', 'ப்ளூரல்' இருக்கின்றன. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இரண்டு வடிவங்கள் போதும். ஜப்பானியத்துக்கு ஒன்றே ஒன்று. அரபுக்கு ஆறு. பிரெஞ்சில் பூஜ்யம் ஒருமையோடு சேரும். இந்தக் கணக்கெல்லாம் பிஓ கோப்பின் தலையில் உள்ள 'ப்ளூரல் ஃபார்ம்ஸ்' வரியில் இருக்கிறது, உங்கள் நிரலில் இருக்கக் கூடாது. தமிழில் பன்மை வினைமுற்று வரை போகும் என்பதையும் மறக்க வேண்டாம்: '1 புத்தகம் இருக்கிறது', '3 புத்தகங்கள் இருக்கின்றன'. வெறும் பெயர்ச்சொல்லை மட்டும் பன்மையாக்கி மீதியை வெளியே வைத்தால் வாக்கியம் நொண்டும். பூஜ்யத்துக்குத் தனி வாக்கியமே நல்லது. 'இரவலில் 0 புத்தகங்கள் இருக்கின்றன' என்பதை விட 'இரவலில் எதுவும் இல்லை' என்பது மனிதர் பேசுவது போல இருக்கும்.

வேற்றுமை உருபு

தமிழ் சேர்ப்பவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இது. ஆங்கிலத்தில் பெயருக்கு முன்னால் 'டு' என்று ஒன்றைப் போட்டால் முடிந்தது. தமிழில் உருபு பெயரோடு ஒட்டும், ஒட்டும்போது பெயரின் ஈற்றைப் பொறுத்து மாறும். மாலாவுக்கு, குமாருக்கு, ரவிக்கு. காலியிடத்துக்குப் பின்னால் 'க்கு' என்று எழுதினால் ரவி மட்டும் பிழைப்பார். மற்ற இருவரும் 'மாலாக்கு', 'குமார்க்கு' ஆவார்கள். நடுவில் ஒரு கோடு போட்டு 'மாலா-க்கு' என்று எழுதும் செயலிகளைப் பார்த்திருப்பீர்கள். கடன் பத்திரம் போல இருக்கும்.

நிரலில் புணர்ச்சி விதிகளை எழுதப் போகாதீர்கள். பெயர் ஆங்கில எழுத்தில் வரலாம், சுருக்கெழுத்தோடு வரலாம், கடைசியில் இனிஷியல் வரலாம். காலியிடத்தில் வரும் சொல் எழுவாய் வடிவத்திலேயே நிற்கும்படி வாக்கியத்தை அமைப்பதுதான் வழி. ஆளின் பெயர் என்றால் 'அவர்கள்' கைகொடுக்கும்: 'மாலா அவர்களுக்கு', 'குமார் அவர்களுக்கு'. உருபை 'அவர்கள்' தாங்கிக்கொள்ளும், மரியாதையும் கூடவே வந்துவிடும். புத்தகத் தலைப்பு, கோப்பின் பெயர் போன்றவற்றுக்கு 'என்ற': தலைப்பை மேற்கோள்குறிக்குள் போட்டு 'என்ற புத்தகத்தைத் திருப்பித் தரவும்' என்று எழுதினால் தலைப்பில் என்ன வந்தாலும் வாக்கியம் நிற்கும். தேதிக்கு 'க்குள்' ஒட்டுவதை விட 'கடைசி நாள்:' என்று முன்னால் போட்டுவிடலாம்.

இதை மொழிபெயர்ப்பாளரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். கூடவே ஒரு சின்னச் சொற்பட்டியலும் கொடுங்கள். பொத்தானில் 'சேமி'யா 'சேமிக்கவும்'ஆ, 'உள்நுழை'யா 'லாகின்'ஆ, இரவலா கடனா. என் விருப்பம், பொத்தானில் 'சேமி', 'நீக்கு' என்று குட்டையாக. செய்தியில் 'உங்கள் மாற்றங்கள் சேமிக்கப்பட்டன' என்று மரியாதையாக. நீங்கள் வேறு மாதிரி முடிவு செய்யலாம், ஆனால் ஒரே செயலியில் இரண்டும் கலந்து வரக் கூடாது.

ரிக்வெஸ்ட் இல்லாத இடங்கள்

நினைவூட்டல் மின்னஞ்சல் இரவில் செலரி (பின்னணி வேலைகளை ஓட்டும் கருவி) வேலையாக ஓடுகிறது. அங்கே உலாவி இல்லை, முகவரி இல்லை, மிடில்வேர் இல்லை. ஒன்றும் செய்யாவிட்டால் அமைப்புக் கோப்பில் உள்ள முதன்மை மொழியிலேயே எல்லோருக்கும் மின்னஞ்சல் போகும். அதனால் உறுப்பினரின் மொழியை டேட்டாபேஸில் ஒரு புலமாகச் சேமியுங்கள். மின்னஞ்சலை உருவாக்கும் பகுதியை 'டிரான்ஸ்லேஷன் ஓவர்ரைடு' என்ற பைத்தான் வித் தொகுதிக்குள் அந்த மொழியைக் கொடுத்து அடையுங்கள். தொகுதி முடிந்ததும் பழைய மொழி தானாகத் திரும்பிவிடும். 'ஆக்டிவேட்' செய்துவிட்டு விட்டால், அதே வொர்க்கர் (வேலைகளை எடுத்து ஓட்டும் செலரி செயல்முறை) அடுத்து எடுக்கும் வேலைக்கும் அந்த மொழி ஒட்டிக்கொண்டே போகும்.

குறுஞ்செய்தியும் அனுப்புகிறீர்கள் என்றால் நீளத்தைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்துகள் கிடைக்கும், தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துகளுக்கு 70தான். அதுவும் 'கி' என்பது இரண்டு எழுத்துகளாகக் கணக்காகும். நேரடி மொழிபெயர்ப்பு இரண்டு மூன்று செய்திகளாக உடைந்து செலவைக் கூட்டும்.

டேட்டாபேஸில் இருக்கும் உள்ளடக்கம் கெட்டெக்ஸ்ட்டுக்குச் சம்பந்தம் இல்லாதது. வகைப் பெயர்கள், அறிவிப்புகள் ஆகியவற்றை இரண்டு மொழியிலும் வைக்க வேண்டும் என்றால், 'ஜாங்கோ மாடல்டிரான்ஸ்லேஷன்' என்ற நூலகம் மொழிக்கு ஒரு நெடுவரிசை சேர்க்கும், 'ஜாங்கோ பார்லர்' தனி அட்டவணை வைக்கும். இரண்டு மூன்று மொழிகளுக்கு முன்னது போதும்.

தமிழ் எழுத்துக்கென்று சில கண்ணிகள்

புத்தகத் தலைப்பிலிருந்து ஸ்லக் (முகவரியில் வரும் தலைப்புத் துண்டு) உருவாக்குகிறீர்களா? ஜாங்கோவின் 'ஸ்லகிஃபை' சாதாரணமாகத் தமிழை முழுக்கத் துடைத்துவிடும், வெற்று ஸ்லக் கிடைக்கும். யூனிகோடை அனுமதித்தால் இன்னும் வேடிக்கை. பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையில் வடிவங்களைத் தேடும் குறிமுறை) சொல் எழுத்தைக் குறிக்கும் குறி, தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்காது. 'தமிழ்' என்று கொடுத்தால் 'தமழ' என்று வரும். ஸ்லக்கில் வெறும் எண்ணை வைப்பது, அல்லது உயிர்க்குறிகளை விட்டுவைக்கும் உங்கள் சொந்தச் செயல்கூற்றை எழுதுவது, இரண்டில் ஒன்று. தேடலுக்கும் பெயர்ச் சரிபார்ப்புக்கும் இதே குறியைப் பயன்படுத்தியிருந்தால் அவற்றையும் பாருங்கள். தமிழில் பெயர் எழுதியவரைப் 'பெயரில் எழுத்துகள் மட்டுமே இருக்கலாம்' என்று திருப்பி அனுப்பும் படிவங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

இன்னொன்று, 'கொ' என்ற எழுத்தில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், எகரக் குறியும் காலும் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றுபோல் இருக்கும். டேட்டாபேஸுக்கு இரண்டும் வேறு. 'கொற்றவை' என்று தேடினால் கண்முன்னால் இருக்கும் புத்தகம் கிடைக்காது. சேமிக்கும்போதும் தேடும்போதும் எல்லா உரையையும் என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். பைத்தானின் 'யூனிகோடுடேட்டா' தொகுதியில் ஒரு வரி வேலை.

நீண்ட தலைப்பை எழுத்தெண்ணிக்கை வைத்து வெட்டும் இடங்களிலும் உயிர்க்குறி தனியாக அறுபடும். வெட்டுவதைப் பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸிடம் விட்டுவிடலாம், இல்லையென்றால் சொல் எல்லையில் வெட்டுங்கள். பிடிஎஃப் ரசீது உருவாக்குபவர்கள், எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டும் கருவிதானா என்று முன்கூட்டியே சோதிக்கவும். பிடிஎஃப் உருவாக்கும் வீசிபிரிண்ட், எழுத்துகளைக் கோக்கும் பாங்கோ நூலகத்தை உள்ளே பயன்படுத்துவதால் பொதுவாகத் தமிழில் சிக்கல் வராது. எண்களில் 1,00,000 என்று காற்புள்ளி வர வேண்டும் என்றால் பைத்தானின் பேபெல் நூலகத்தில் இந்தியத் தமிழுக்கான லோக்கேலைக் (மொழி, நாட்டு வழக்கங்களின் தொகுப்பு) கொடுங்கள்.

பக்கத்தின் தலைப்பகுதி

எச்டிஎம்எல் டேக்கின் 'லாங்' பண்பில் நடப்பு மொழி வர வேண்டும். திரைவாசிப்பான் எந்தக் குரலில் படிப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் மற்ற மொழிப் பக்கங்களுக்கான 'எச்ரெஃப்லாங்' இணைப்புகள், தன்னையும் சேர்த்து. தமிழ்ப் பக்கம் ஆங்கிலப் பக்கத்தைச் சுட்டினால், அதுவும் இதைத் திரும்பச் சுட்ட வேண்டும்.

மொழி மாற்றும் பட்டியலில் கொடி வேண்டாம். நாட்டுக்குத்தான் கொடி, மொழிக்குக் கிடையாது. தமிழுக்கு எந்தக் கொடியைப் போடுவீர்கள்? ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்தந்த எழுத்திலேயே எழுதுங்கள். மாற்றியதும் பயனர் இருந்த பக்கத்திலேயே இருக்க வேண்டும். முகப்புக்குத் தூக்கிப் போடுவது எரிச்சல். பின்னாளில் அரபு, உருது வரும் என்றால் இப்போதே சிஎஸ்எஸ்ஸில் இடது, வலது என்று எழுதாமல் 'மார்ஜின் இன்லைன் ஸ்டார்ட்' போன்ற தர்க்கப் பண்புகளைப் பழகிக்கொள்ளலாம்.

நேரலைக்கு அனுப்பும்போது

மொழிபெயர்ப்பாளருக்குப் பிஓ கோப்பை அப்படியே அனுப்பினால் போஎடிட் என்ற மென்பொருளில் திறந்துகொள்வார். ஆள் கூடினால் வெப்லேட் போன்ற இணைய மொழிபெயர்ப்புத் தளம் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அவர் முடிப்பதற்கு முன்பே தளத்தைச் சோதிக்க ஒரு போலி மொழி உருவாக்குங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் அடைப்புக்குறிக்குள் போட்டு, பாதி நீளம் கூடுதலாக நிரப்பும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். அந்த மொழியில் தளத்தைச் சுற்றி வந்தால், அடைப்புக்குறி இல்லாமல் தெரிவதெல்லாம் குறியிட மறந்தவை. பொத்தானை விட்டு வழிவதெல்லாம் தமிழிலும் வழியும். அடைப்புக்குறி ஒரு வாக்கியத்துக்குள்ளேயே இரண்டு மூன்று முறை வந்தால் அங்கே இன்னும் ஒட்டுப்போட்ட வாக்கியம் இருக்கிறது என்று பொருள்.

சிஐயில் (நிரல் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனை) 'எம்எஸ்ஜிஎஃப்எம்டி' கருவியைச் சரிபார்ப்பு விருப்பத்தோடு ஓட்டுங்கள். மொழிபெயர்ப்பில் காலியிடத்தின் பெயரைத் தவறாக எழுதியிருந்தால் அது அங்கேயே பிடித்துவிடும். இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தைத் தமிழில் திறக்கும் முதல் ஆளுக்கு 500 (சர்வர்) பிழை வரலாம். எம்ஓ கோப்பை நான் நிரல் களஞ்சியமான கிட்டில் வைப்பதில்லை, நிறுவும்போது கம்பைல்மெசேஜஸ் ஓடி உருவாக்கும். அதற்கு அந்தச் சர்வரிலோ, செயலியைப் பொதிந்து வைக்கும் டாக்கர் இமேஜிலோ கெட்டெக்ஸ்ட் கருவிகள் இருக்க வேண்டும். கம்பைல் ஆன பிறகு செயலியை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். ஜாங்கோ மொழிபெயர்ப்புகளை நினைவகத்தில் ஏற்றி வைத்துக்கொள்வதால், அதுவரை பழைய வாக்கியங்களே வந்துகொண்டிருக்கும். செலரி வொர்க்கர்களையும் கூடவே மறுதொடக்கம் செய்ய வேண்டும்.